காற்றைக் கணக்கிட்டவர்கள்: இயந்திரப் பொறியியலும் நாஞ்சில் நாடும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் நம் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. பிள்ளை இயந்திரப் பொறியியல் படிக்க விரும்புகிறது, சேர்க்கலாமா? தக்கலையிலும் இடலாக்குடியிலும் திட்டுவிளையிலும் இதற்குக் கிடைக்கும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே: "மெக்கானிக்கலா? அதைப் படித்துவிட்டுக் கடைசியில் ஏசி வேலைக்குத்தானே போக வேண்டும்? கம்ப்யூட்டர் எடுக்கச் சொல்லுங்கள்."

கணினியின் மீது நமக்கு யாதொரு பகையும் இல்லை. ஆனால் 'ஏசி வேலை' என்று நாம் இகழ்ச்சியாகச் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. வெப்பத்தையும் காற்றையும் எரிபொருளையும் கணக்கிட்டு, மனிதர் கூடும் பெரிய கட்டிடங்களை வாழத் தகுந்தவையாக ஆக்கும் தொழிலின் வரலாறு அது. அதில் இஸ்லாமிய உலகுக்கும் நம் மாவட்டத்துக்கும் உள்ள பங்கை அறியாமல் அத்தொழிலை ஏற்பதோ தள்ளுவதோ சரியன்று என்று கருதுகிறோம்.

தக்கலைக்கு வருவோர் பீர் முஹம்மது அப்பா (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தைத் தரிசிப்பதோடு, சற்று நடந்தால் போய்ச் சேரும் பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். 1601ஆம் ஆண்டளவில் இரவிவர்மா குலசேகரப் பெருமாள் தொடங்கி, பின்னர் மார்த்தாண்டவர்மா காலத்தில் விரிவாக்கப்பட்ட மர அரண்மனை அது. 1795இல் திருவிதாங்கூரின் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை ஆட்சி அங்கிருந்தே நடந்தது. மரச் செதுக்கு வேலையையும், முட்டை வெண்கருவும் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்ததாகச் சொல்லப்படும் கறுத்த தரையையும் எல்லோரும் வியக்கிறார்கள். மந்திரசாலைக்குள் நுழைந்ததும் உடலில் படும் குளிர்ச்சியைப் பற்றி வழிகாட்டியும் ஒரு வாக்கியம் சொல்லுவார். அந்தக் குளிர்ச்சி எப்படி வந்தது என்று நின்று கேட்போர் குறைவு.

நாஞ்சில் நாட்டின் இடர் வெப்பம் மட்டுமன்று, ஈரமும் ஆகும். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. கடலோரக் காற்றில் நீராவி ஏற்கெனவே மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகத் தயங்குகிறது. ஈரான், ஈராக், வளைகுடா நாடுகளின் பழைய வீடுகளில் எழுந்து நிற்கும் காற்றுக் கோபுரங்கள், வறண்ட காற்றைப் பிடித்து, பல இடங்களில் நீரின் மேல் தவழவிட்டு, குளிர்வித்து அறைக்குள் இறக்கின. அந்த உத்தி இங்கே அப்படியே செல்லாது. நீர் நனைந்த பட்டைகள் வைத்த கூலர் ஹைதராபாத்தில் தரும் சுகத்தைக் குளச்சலில் தருவதில்லை என்பதை அதை வாங்கி ஏமாந்த குடும்பங்கள் அறியும். ஈர நாட்டுக்கு உரிய மருந்து வேறு: வெயிலைச் சுவரில் விழாமல் தடுப்பது, காற்றை நிற்கவிடாமல் நகர்த்துவது, சூடேறிய காற்று மேலே போய் வெளியேற வழி வைப்பது. பத்மநாபபுரத்தின் தாழ்ந்திறங்கும் ஓட்டுக்கூரை முதலாவதைச் செய்கிறது. மரச் சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய அழிச் சுவர்கள் இரண்டாவதைச் செய்கின்றன. நடுமுற்றங்களும் உயர்ந்த கூரைவெளியும் மூன்றாவதைச் செய்கின்றன. வண்ண அபிரகத் தகடுகள் பதித்த சன்னல்கள் ஒளியை உள்ளே விட்டு அதன் கடுமையைக் குறைக்கின்றன.

இந்த அறிவு அரண்மனைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. மாலிக் பின் தீனார் (ரஹ்) அவர்களின் பெயரோடு மரபில் இணைத்துச் சொல்லப்படும் தேங்காய்ப்பட்டணத்துப் பள்ளிவாசல் முதல் உள்நாட்டு ஊர்களின் சிறிய பள்ளிகள் வரை, நம் முன்னோர் தடித்த சுவரையும் உயர்ந்த கூரையையும் காற்றோடும் வாசல்களையும் நம்பினார்கள். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரானுக்கு 1997இல் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றுத் தந்த நாவலின் பெயர் 'சாய்வு நாற்காலி'. காற்று வரும் திசை பார்த்துத் திண்ணையில் சாய்வு நாற்காலியைப் போடத் தெரிந்த தலைமுறை ஒன்று இருந்தது என்பதற்கு இலக்கியச் சான்று வேண்டுமானால் அந்தத் தலைப்பே போதும்.

இயந்திரம் எங்கே வந்து சேர்ந்தது?

இஸ்லாமிய உலகில் இயந்திரக் கலையின் தலைமகன் என்று அல்ஜஸரியைச் சொல்லலாம். இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் நகரில் அர்துக்கிய அரசர்களிடம் பணிபுரிந்த அவர், 1206இல் ஐம்பது பொறிகளைப் படங்களோடும் அளவுகளோடும் விளக்கும் நூலை நிறைவு செய்தார். யானைக் கடிகாரம் பலரும் அறிந்தது. நம் விஷயத்துக்கு அதைவிட முக்கியமானது அவர் வரைந்த இரட்டை உருளை நீரேற்றுப் பொறி. சுழலும் அசைவை முன்னும் பின்னுமான அசைவாக மாற்றி, ஒரு பிஸ்டன் உறிஞ்சும்போது மற்றது தள்ளுமாறு அமைந்த பொறி அது. சுழற்சியை நேர் அசைவாக்கும் அதே அடிப்படைக் கருத்து இன்றும் பிஸ்டன் வகைக் குளிர்சாதனக் கம்ப்ரசர்களில் உயிரோடிருக்கிறது. கம்ப்ரசரைக் கழற்றிச் சீர்செய்யும் நம் இளைஞர் ஒருவர் எண்ணூறு ஆண்டுப் பழமையுள்ள ஒரு சிந்தனையைத்தான் கையில் பிடித்திருக்கிறார். அல்ஜஸரியின் பெருமை கற்பனையில் மட்டும் இல்லை. தம் நூலைப் படிக்கும் கைவினைஞர் அப்பொறியைத் திரும்பச் செய்ய முடியும்படி அளவு சொல்லி எழுதியதில் இருக்கிறது. பழம்பெருமை பேசும் மேடைகளில் இந்தப் பண்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நவீன குளிர்சாதனத்தின் தொடக்கம் ஓர் அச்சகத்தில். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த அச்சகம் ஒன்றில் கோடைக்காலத்து ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கியது. ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாகப் பொருந்தவில்லை. அப்போதுதான் படிப்பை முடித்திருந்த வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர், குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தி ஈரத்தைப் பிரித்தெடுக்கும் அமைப்பை வடிவமைத்தார். 1911இல் காற்றின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் உள்ள உறவைச் சூத்திரங்களாக வகுத்து, அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் முன் வைத்தார். குளிர்சாதனப் பொறியாளர் எவரும் இன்றும் அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார். மனிதருக்குக் குளிர்ச்சி தருவது முதல் நோக்கமாக இருக்கவில்லை, தாளின் ஈரத்தை அடக்குவதே நோக்கம் என்பதை ஈர நாட்டுக்காரர்களாகிய நாம் நினைவில் கொள்ளத் தகும். 'ஒன்றரை டன் ஏசி' என்று கடையில் கேட்கிறோமே, அந்த டன்னும் எடையன்று. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுவதும் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த அளவு. ஏறத்தாழ மூன்றரை கிலோவாட்.

இயந்திரக் குளிர்ச்சி கைக்கு வந்தபின் கட்டிடக்கலை சோம்பேறியானது. சுவருக்கு நிழல் வேண்டாம், சன்னல் திறக்க வேண்டாம்; நான்கு புறமும் கண்ணாடியைப் பதித்து, உள்ளே சேரும் வெப்பத்தை மின்சாரத்தால் வெளியேற்றிவிடலாம். எரிபொருள் மலிவாக இருந்தவரை இதை யாரும் கேள்வி கேட்கவில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. மூன்று டாலர் அளவில் இருந்த ஒரு பீப்பாய் எண்ணெயின் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று.

அந்த ஒரு நிகழ்வு இரண்டு கதவுகளைத் திறந்தது. எண்ணெய்ப் பணத்தால் வளைகுடாவில் எழுந்த கட்டுமானங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. குமரி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். நம் ஊர்களின் மாடி வீடுகளும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் அந்தக் கதவின் வழியாக வந்தவை. இன்னொரு கதவு மேற்கு நாடுகளில் திறந்தது. 1975இல் அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் அமைப்பு, கட்டிடங்களில் எரிசக்தியைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்கான முதல் தரநிலையை வெளியிட்டது. சுவர் வழியாக எவ்வளவு வெப்பம் நுழையலாம், விளக்குக்கு எவ்வளவு மின்சாரம் போகலாம் என்பதற்கு எல்லை வகுக்கப்பட்டது. குளிர்விப்பவர் என்ற நிலையிலிருந்து குறைப்பவர் என்ற நிலைக்கு இயந்திரப் பொறியாளர் உயர்ந்தது அப்போதுதான். நாம் முதல் கதவுக்குள் நுழைந்தோம். இரண்டாவது கதவு இருந்ததே நெடுங்காலம் நம் கண்ணில் படவில்லை.

இவ்விரண்டும் ஓரிடத்தில் சந்தித்தன. ஹஜ்ஜுக்குச் சென்று வந்த நம் பெரியவர்கள் பலர் அதன் கீழ் அமர்ந்து பேருந்துக்குக் காத்திருந்திருப்பார்கள்: ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையம். 1981இல் பயன்பாட்டுக்கு வந்த அதன் கூரை 210 வெண்ணிறக் கூடாரங்களால் ஆனது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் சதுரம். மொத்தம் நாற்பது ஹெக்டேருக்கு மேல். டெஃப்ளான் பூசிய கண்ணாடி இழைத் துணி சூரிய வெப்பத்தின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று ஊடே செல்கிறது. சூடேறிய காற்று கூம்பின் உச்சித் திறப்பின் வழியே வெளியேறுகிறது. தூண்களிடையே வைத்த பெரிய விசிறிகள் துணை நிற்கின்றன. குடியேற்றச் சோதனை நடக்கும் மூடிய அறைகளுக்கு மட்டும் குளிர்சாதனம். எரிசக்தி பெருக்கெடுத்து ஓடிய ஒரு நாட்டில், ஆண்டின் சில வாரங்களே முழுமையாகப் பயன்படும் ஒரு மாபெரும் கட்டிடத்தை முழுவதும் குளிரூட்டுவது வீண் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தார்கள். 1983இல் அக்கட்டிடத்துக்கு ஆகா கான் கட்டிடக்கலை விருது கிடைத்தது.

அதன் பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். 1929இல் டாக்காவில் பிறந்து, கல்கத்தா சிப்பூர் பொறியியல் கல்லூரியிலும் டாக்காவிலும் படித்து, 1952இல் உதவித்தொகையோடு அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். சிகாகோவின் ஜான் ஹான்காக் மையமும், நெடுங்காலம் உலகின் மிக உயர்ந்த கட்டிடமாக இருந்த சியர்ஸ் கோபுரமும் அவருடைய கட்டமைப்புக் கணக்கில் நின்றவை. அவர் கட்டமைப்புப் பொறியாளர், இயந்திரப் பொறியாளர் அல்லர். எனினும் கட்டிடத்தின் வடிவமே அதன் குளிர்சாதனம் ஆகலாம் என்பதை ஹஜ் முனையம்போல் தெளிவாகக் காட்டும் கட்டிடம் அரிது. 1982 மார்ச் 27 அன்று ஜித்தாவில் இருந்தபோதே மாரடைப்பால் இறையடி சேர்ந்தார். வயது ஐம்பத்திரண்டு. அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்தருள்வானாக.

நம் மாவட்டத்துக்குத் திரும்புவோம். தக்கலை அருகே குமாரகோவிலில் ஏ.பி. மஜீத் கான் 1989இல் நூருல் இஸ்லாம் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். 2008இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. ஒரு முஸ்லிமின் முயற்சியால் எழுந்த பொறியியல் கல்லூரி பத்மநாபபுரத்துக்கு மிக அருகிலேயே அமைந்ததை நாம் தற்செயல் என்று கடந்துவிடலாம். அங்கே பயிலும் இயந்திரவியல் மாணவர்கள் ஒரு நாள் வெப்பமானியோடு அந்த அரண்மனைக்குள் போய் வந்தால் அது பாடமாகிவிடும். அதன்பின் மாவட்டமெங்கும் பொறியியல் கல்லூரிகள் பெருகின. இயந்திரவியல் பட்டதாரிகளும் பெருகினர். இங்கே பெரிய தொழிற்சாலைகள் இல்லை. எனவே துபாய், தோஹா, ரியாத் நகரங்களின் குளிர்சாதன ஒப்பந்த நிறுவனங்களுக்குப் போனார்கள். டக்ட் வரைந்தார்கள், சில்லர் பராமரித்தார்கள், குழாய்க்கு அளவு குறித்தார்கள். 'ஏசி வேலை' என்ற பெயர் நிலைத்தது இப்படித்தான்.

குளிர் பற்றிய படிப்பு சிறு படிப்பன்று என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவராகப் பொறுப்பேற்ற வி. நாராயணன் குமரி மாவட்டத்தின் மேலக்காட்டுவிளையைச் சேர்ந்தவர். இயந்திரவியலில் டிப்ளமோ முடித்து, பணியில் இருந்துகொண்டே உயர்ந்து, காரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் எனப்படும் அதிகுளிர்ப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார்.

இந்தியாவில் இரண்டாவது கதவு தாமதமாகத் திறந்தது. 2001இல் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; மறு ஆண்டு எரிசக்தித் திறன் செயலகம் அமைந்தது. ஏசியிலும் குளிர்பதனப் பெட்டியிலும் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் அந்தச் செயலகம் தந்தவை. 2007இல் வணிகக் கட்டிடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பை அது வெளியிட்டது. 100 கிலோவாட் மின்பளுவோ அதற்கு மேலோ உள்ள வணிக வளாகம், மருத்துவமனை, தங்கும் விடுதி, அலுவலகம் போன்றவற்றின் சுவர், கூரை, கண்ணாடி, விளக்கு, குளிர்சாதனம் அனைத்துக்கும் அதில் அளவுகள் உண்டு. 2017இல் அது மேலும் இறுக்கப்பட்டது. ஏசியின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தி வைத்தாலே ஏறத்தாழ ஆறு விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்று செயலகம் சொல்கிறது.

2004 ஜூலை 14 அன்று ஹைதராபாத்தில் ஒரு கட்டிடம் திறக்கப்பட்டது. இந்தியத் தொழிற் கூட்டமைப்பின் சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் அது. இருபதாயிரம் சதுர அடி, பெரிய கட்டிடமன்று. ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே லீட் பிளாட்டினம் என்ற உயர்ந்த பசுமைத் தரச் சான்றை முதலில் பெற்றது அதுவே. வட்டமான நடுமுற்றம், துளைகள் நிறைந்த ஜாலிச் சுவர், புல் வளர்ந்த கூரை, காற்றைக் குளிர்வித்துக் குளிர்சாதன இயந்திரத்துக்கு அனுப்பும் இரண்டு காற்றுக் கோபுரங்கள். ஈரானியக் கோபுரமும் நம் நடுமுற்றமும் கேரியரின் கணக்கும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன. அதைத் திறந்து வைத்தவர் ராமேஸ்வரத்தில் பிறந்த குடியரசுத் தலைவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம்.

இத்தகைய கட்டிடங்களை வடிவமைக்க, எந்த மணிக்கு எந்தச் சுவர் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடும் என்று கணினியில் உருவகித்துச் சொல்பவர் வேண்டும். கட்டி முடித்தபின் இயந்திரங்கள் வாக்களித்தபடி ஓடுகின்றனவா என்று அளப்பவர் வேண்டும். பழைய மருத்துவமனையின் மின்கட்டணம் ஏன் ஏறுகிறது என்று கண்டறியும் எரிசக்தித் தணிக்கையாளர் வேண்டும். பொறியியல் பட்டமும் குறிப்பிட்ட ஆண்டுகள் பணி அனுபவமும் உள்ளவர்களுக்கு எரிசக்தித் திறன் செயலகம் தேசிய அளவில் தேர்வு நடத்தித் தணிக்கையாளர் சான்று வழங்குகிறது. இப்பணிகளில் பெரும்பகுதி மேசையில் அமர்ந்து செய்யும் கணக்கு வேலை. மெக்கானிக்கல் என்றதும் கரி படிந்த உடையை நினைத்துப் பெண்பிள்ளைகளை விலக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். கணினி வேண்டும் என்போருக்கு அதில் கணினியும் இருக்கிறது.

நாகர்கோவிலின் வணிகத் தெருக்களில் புதிதாக எழும் கடைகளைப் பார்க்கிறோம். மேற்கு நோக்கிய முகப்பு முழுவதும் கண்ணாடி; பிற்பகல் வெயில் அப்படியே உள்ளே போகிறது; அதை வெளியே தள்ள மாடியில் வரிசையாக ஏசி எந்திரங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று சீறி நுழையும் முப்பந்தலில் ஏறத்தாழ 1,500 மெகாவாட் அளவுக்குக் காற்றாலைகள் நிற்கின்றன. காற்றிலிருந்து அரும்பாடுபட்டுப் பிடித்த மின்சாரம் இப்படிக் கண்ணாடி வழியே கரைகிறது.

கடைக்காரரைச் சொல்லி நம்மை விட்டுவிட முடியாது. நம் பள்ளிவாசல்களிலும் குளிர்சாதனம் பரவுகிறது. முதியோரும் நோயாளிகளும் தொழும் இடத்தில் அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் ஃபஜ்ருக்கு ஒரு வரிசை ஆள் வரும் மண்டபத்தில், ஜும்ஆவுக்கு நிறையும் அளவுக்கான எந்திரம் முழுவதையும் ஓட்டுவதை என்னவென்பது? சூரிய மின்தகடு வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்கிறார்கள். ஓடும் ஆற்றின் கரையில் ஒளூ செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதாக வரும் அறிவிப்பை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம்.

பள்ளிவாசலுக்கு வேறெந்தக் கட்டிடத்துக்கும் இல்லாத ஒரு கட்டுப்பாடு உண்டு: அதன் திசையை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. நாகர்கோவிலிலிருந்து கணக்கிட்டால் கிப்லா நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே அமைகிறது. ஜூன் மூன்றாம் வாரத்தில் இங்கே சூரியன் மறையும் திசையும் ஏறத்தாழ அதுவே. அதாவது ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை அஸர் வேளை வெயில் முழுவதையும் நேருக்கு நேர் ஏற்பது மிஹ்ராப் அமைந்த கிப்லாச் சுவர். ஜூனில் மழைமேகம் காக்கிறது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் காப்பது எதுவும் இல்லை. மெல்லிய ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பி வெளிப்புறம் கறுத்த கிரானைட் பதித்தால் அச்சுவர் மஃரிப் தாண்டியும் முன்வரிசைக்காரர்களின் முகத்தில் சூட்டை வீசிக்கொண்டிருக்கும். இடையில் காற்றிடம் விட்ட இரட்டைச் சுவர், அதற்கப்பால் நிழல் தரும் மரங்கள், வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிரான சன்னல்கள், வெண்ணிறக் கூரை: இவ்வளவும் முடித்தபின் எஞ்சும் வெப்பத்துக்கு மட்டும் ஏசி வாங்கினால் டன் கணக்கு வெகுவாகக் குறையும்.

இதையெல்லாம் கணக்கிட்டுச் சொல்ல வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. வளைகுடாவில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பெரிய மருத்துவமனைகளுக்கும் வணிக வளாகங்களுக்கும் குளிர்சாதனக் கணக்குப் போட்டுத் திரும்பியவர்கள் நம் ஒவ்வொரு ஜமாஅத்திலும் இருக்கிறார்கள். பள்ளிவாசல் கட்டும்போது அவர்களிடம் வசூலுக்குப் போகிறோம். கட்டிடத்தின் வரைபடம் அவர்கள் கைக்கு வருவது திறப்பு விழா அழைப்பிதழில் அச்சான படமாகத்தான்.